1:24 மாடல் டி ஃபோர்டு: ஸ்ப்ரே அடித்தால் பிளாஸ்டிக் வெடிக்கிறது, பித்தளை நிறமும் அமையவில்லை

அடையாறு_ஏர்பிரஷ்

கிட்: ஐசிஎம், 1:24, ஃபோர்டு மாடல் டி 1913 ரோட்ஸ்டர். பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து (அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி, அச்சுக்கோடுகளைச் சுரண்டியாயிற்று. பாடி, மட்கார்டு, பானெட் எதிலும் இன்னும் பெயின்ட் படவில்லை. அதற்கு முன்னால் காலி ஸ்ப்ரூ துண்டுகளிலும் பிளாஸ்டிக் ஸ்பூன்களிலும் அடித்துப் பார்த்ததில் வந்த முடிவுகள் இவை.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பளபளப்புக் கறுப்பு ஸ்ப்ரேயை பிரைமர் இல்லாமல் அடித்தால், சில நிமிடங்களில் மேற்பரப்பு முழுக்க மயிரிழை விரிசல். டாமியா டிஎஸ்-14 கறுப்பில் விரிசல் இல்லை, ஆனால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடும் பள்ளமும். அதன் மேல் டிஎஸ்-13 கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தது மழை நாளில்; வெள்ளை படர்ந்துவிட்டது. ரேடியேட்டர், விளக்குகளுக்காக டாமியா எக்ஸ்-12 தங்க நிறத்தை பிரஷ்ஷால் தீட்டிப் பார்த்தால் கோடு கோடாக நிற்கிறது. பித்தளையாகத் தெரியவில்லை, மங்கின தங்கமாகத் தெரிகிறது.

கையில் இருப்பது 0.3 மி.மீ. நாசில் ஏர்பிரஷ், டேங்க் இல்லாத சின்ன கம்ப்ரஸர், ஹோஸில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர். வீடு கடலோரம். இந்த மாதங்களில் அறையின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

கேள்விகள்: 1) விரிசல் ஏன், பிரைமர் போட்டால் அந்தக் கடை ஸ்ப்ரேயையே பயன்படுத்தலாமா? 2) ஈரப்பதத்தோடு எப்படிச் சமாளிப்பது? 3) ஏர்பிரஷ்ஷில் நல்ல பித்தளைக்கு என்ன வழி? 4) சக்கர ஆரங்களை மரம் போலவே வைக்க நினைக்கிறேன், வார்னிஷ் மர நிறம் எப்படிக் கொண்டுவருவது? பாடி முழுக்கக் கறுப்புதான் திட்டம்.

---

பட்டி_மெருகு

விரிசலில் இருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதற்கு மேலேதான் நிற்கணும்.

கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அச்சில் சூடாக உள்ளே தள்ளி வேகமாக ஆறவிடுவதால் அதற்குள் ஒரு இழுவிசை உறைந்து நிற்கும். ஸ்ப்ரூவோடு பாகம் சேரும் இடம், மெல்லிய ஓரம், வளைவு, இங்கெல்லாம் அது அதிகம். கடை ஸ்ப்ரேயில் இருக்கும் டொலுவீன், அசிட்டோன் வகைக் கரைப்பான் மேல்தோலை இளக்கியதும் அந்த இழுவிசை விடுபட்டு, தோல் பிளந்துவிடும். நீங்கள் பார்த்த மயிரிழை பெயின்டில் இல்லை, பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. அதனால் பெயின்டை உரித்தாலும் போகாது. டிங்கரிங் பட்டறையில் கார் டச்-அப்புக்குக் கலந்து தரும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், என்சி தின்னர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பிரைமர் போட்டுவிட்டு அந்த ஸ்ப்ரேயை அடிக்கலாமா என்றால், என் பதில் வேண்டாம். பிரைமர் படலம் சில பத்து மைக்ரான்தான். நனைய நனைய அடித்தால் கரைப்பான் ஓரங்களில் ஊடுருவிடும். தவிர, கேனின் நாசில் பெரியது, பெயின்ட் தடிமனாக விழும். 1:24-ல் 0.1 மி.மீ. படலம் என்பது நிஜ வண்டியில் 2.4 மி.மீ. மாடல் டி கதவு இடுக்கு அதில் மூழ்கிவிடும். கதவுக் கோடுகளை பிரைமருக்கு முன்னாலேயே ஸ்க்ரைபரை இரண்டு தடவை லேசாக ஓட்டி ஆழப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிரைமருக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 1500, கறுப்பு அல்லது சாம்பல். அதே கம்பெனியின் லெவலிங் தின்னர் 1 பங்கு சர்ஃபேசருக்கு 1.5 முதல் 2 பங்கு. அழுத்தம் 15–18 பிஎஸ்ஐ, தூரம் 8–10 செ.மீ. முதல் பூச்சில் பிளாஸ்டிக் பாதி தெரியணும். 10 நிமிடம் கழித்து அடுத்தது. மூன்றாவதில் மூடினால் போதும். ஒரு நாள் காயவிட்டு 1500 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். விளிம்புகளில் தேய்க்கவே கூடாது, அங்கே படலம் மெலிது, உடனே பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும்.

இதற்கும் முன்னால் ஒரு வேலை: எல்லாப் பாகத்தையும் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு பழைய டூத்பிரஷ்ஷால் கழுவிக் காயவையுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, மட்கார்டு வளைந்துவிடும். கழுவிய பின் கையுறை. ஒரு விரல்ரேகைக்கு மேல் அடித்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் ஒதுங்கி வட்டமாகப் பள்ளம் விழும்.

ஏற்கெனவே வெடித்த பாகம் யாரிடமாவது இருந்தால்: 600, பிறகு 1000 வாட்டர் பேப்பரில் விரிசல் அடி தெரியாமல் போகும்வரை தேய்த்து, சர்ஃபேசர் 500-ஐ பிரஷ்ஷில் பூசி, ஒரு நாள் விட்டு மறுபடி 1000. விரிசல் ஆழமாக இருந்தால் இதுவும் உதவாது, பாகத்தை மாற்றுவதே வழி.

---

பித்தளைக்_காலம்

கறுப்பு அடிக்கப் போகிறீர்கள் என்று படித்ததால் எழுதுகிறேன். 1913 வண்டிக்குக் கறுப்பு பொருந்தாது.

மாடல் டி 1908-ல் வந்தது. கறுப்பு மட்டும் என்ற காலம் 1914 முதல் 1925 வரை. அதற்கு முன்னால் சிவப்பு, பச்சை, சாம்பல், நீலம் எல்லாம் இருந்தன. 1913-க்கு உரியது அடர் நீலம், மட்கார்டும் அடிச்சட்டமும் கறுப்பு. அந்த நீலம் நிழலில் கறுப்பாகத்தான் தெரியும், வெயில் பட்டால்தான் நீலம் எழும். அடுத்தடுத்து இருக்கும் கறுப்பு மட்கார்டும் இந்த நீலப் பாடியும் தருகிற அழகை முழுக் கறுப்பு தராது. கொஞ்சம் மெனக்கெட்டு இதையே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சக்கரம் பற்றி. இன்று அருங்காட்சியகங்களிலும் பேரணிகளிலும் காணும் டி-களில் வார்னிஷ் போட்ட மர ஆரம் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் மறுசீரமைத்தவர்களின் விருப்பம். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது ஆரங்களின் மேலும் பெயின்ட்தான். ஆகவே உங்கள் 1913-க்கு ஆரமும் அடர் நீலம். உங்கள் மாடல் இன்றைய ஒரு மறுசீரமைப்பு வண்டியைக் காட்டுவதாக இருந்தால் மரம் சரி. எதைக் காட்டுகிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். தொழிற்சாலை நீலமும் வார்னிஷ் ஆரமும் ஒரே வண்டியில் வந்தால் விவரம் தெரிந்தவர் கண்ணில் படும்.

மரம் காட்ட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்புப் பலகை இந்த வண்டிகளில் மரம். அதன் மேல் நான்கு இக்னிஷன் காயில்கள் அடங்கிய மரப்பெட்டி. அதை வைத்து உங்கள் மர வேலைப்பாட்டைக் காட்டலாம். அடிநிறம் டாமியா எக்ஸ்எஃப்-78, அல்லது எக்ஸ்எஃப்-59. நன்றாகக் காய்ந்த பிறகு பர்ன்ட் அம்பர் ஆயில் பெயின்டை ஒரு சொட்டு வைத்து மெல்லியதாகப் பரப்பி, 10 நிமிடம் விட்டு, மயிர் விறைத்த பழைய தட்டை பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுங்கள். பிரஷ்ஷில் தின்னர் இருக்கக் கூடாது. அந்த இழுப்பே மர ரேகை. ஆயில் பெயின்ட் காய குறைந்தது மூன்று நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம் விடுங்கள். மேலே எக்ஸ்-26 தெளிந்த ஆரஞ்சு, 1 பங்குக்கு எக்ஸ்-20ஏ தின்னர் 3 பங்கு, இரண்டே மெல்லிய பூச்சு. வார்னிஷ் நிறம் வந்துவிடும்.

டயர்: முழுக் கறுப்பு வேண்டாம். ரப்பரில் கார்பன் கறுப்பு சேர்ப்பது அப்போதுதான் பரவத் தொடங்கியது, 1913 வண்டிகளில் வெளிறிய சாம்பல் டயர் சகஜம். எக்ஸ்எஃப்-2 வெள்ளையில் எக்ஸ்எஃப்-57 ஐந்தில் ஒரு பங்கு, கூட ஒரு சொட்டு சாம்பல். தரையில் படும் பகுதியில் மட்டும் அழுக்கு. முன் டயர் 30×3 அங்குலம், பின் டயர் 30×3½. 1:24-ல் விட்டம் சுமார் 31.8 மி.மீ., தடிமன் 3.2, 3.7 மி.மீ. உங்கள் கிட்டில் இரண்டு தடிமன் இருந்தால் முன்பின் மாற்றிவிடாதீர்கள்.

---

அடையாறு_ஏர்பிரஷ்

சரி, நீலம்தான். ஆரமும் நீலம். கலவை விகிதம் சொன்னால் உதவியாக இருக்கும். டாமியா எல்பி (லாக்கர்) வரிசையில் எல்பி-1 கறுப்பு, எல்பி-6 நீலம் இருக்கிறது. அந்த வெள்ளை படரும் பிரச்சினைக்கு யாராவது வழி சொல்லுங்கள். மழை முடியும்வரை காத்திருப்பது மட்டும்தான் வழியா?

---

ஈரக்கோட்டு

காத்திருக்க வேண்டியதில்லைங்க. லாக்கர் கரைப்பான் ஆவியாகிறப்போ பூச்சு குளிர்ந்துடும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா அந்தக் குளிர்ச்சியில நுண்ணிய தண்ணித் துளி பூச்சுக்குள்ளயே சிக்கிக்கும், அதுதான் வெள்ளை. ஸ்ப்ரே கேன்ல இது இன்னும் அதிகம், ஏன்னா கேன்ல இருந்து வர்ற வாயுவும் சேர்ந்து குளிரூட்டுது. ஏர்பிரஷ்ல மெதுவா ஆவியாகிற தின்னர் போட்டா குறைஞ்சுடும். லெவலிங் தின்னர்ல ரிடார்டர் (காயறதை மெதுவாக்குற திரவம்) கலந்தே வருது. மேடு பள்ளத்துக்கும் மருந்து அதேதான்: பெயின்ட் காய்றதுக்கு முன்னாடி தானா சமமாகிறதுக்கு நேரம் கிடைக்குது.

ஏற்கெனவே வெளுத்த ஸ்பூன் இருந்தா சோதிச்சுப் பாருங்க: வெறும் லெவலிங் தின்னரை 12 பிஎஸ்ஐ-ல மூடுபனி மாதிரி ஒரே ஒரு தடவை ஓட்டுங்க. மேல்பூச்சு இளகி, ஈரம் வெளியேறி, வெள்ளை மறையும். நனையிற அளவுக்குப் போனா ஒழுகிடும், ஜாக்கிரதை.

அறைக்குச் செய்ய வேண்டியது: ஏசி இருந்தா டிரை மோடுல ஒரு மணி நேரம் ஓடவிட்டு, 20 ரூபாய் தெர்மாமீட்டரை நம்பாம ஒரு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டுற கருவி) வாங்கி வையுங்க. 65 சதவீதத்துக்குக் கீழ வந்ததும் அடிங்க. உங்க கம்ப்ரஸர்ல டேங்க் இல்ல, அதனால காத்து சூடாவே ஹோஸுக்குள்ள வந்து அங்கதான் ஆறி தண்ணியா மாறும். ஃபில்டரை கம்ப்ரஸர் பக்கத்துல வெச்சா சூடான ஈரம் அதைத் தாண்டிப் போயிடும். ஹோஸோட கடைசிப் பக்கம், ஏர்பிரஷ் கைப்பிடிக்குக் கீழ வர்ற சின்ன ஃபில்டர் ஒண்ணு கூடுதலா போடுங்க. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணியை வடிங்க. நீலத்து மேல ஒரு தண்ணித்துளி துப்பினா அந்தப் பூச்சு முழுக்கத் தேய்க்கணும்.

கலவை: எல்பி-6 நீலம் 1 பங்கு, எல்பி-1 கறுப்பு 2 பங்குல ஆரம்பிங்க. கலந்ததை வெள்ளை ஸ்பூன்ல அடிச்சுப் பாருங்க, பாட்டிலைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஜன்னல் வெளிச்சத்துல நீலம், அறைக்குள்ள கறுப்பு. அந்த இடம் வர்றவரைக்கும் கறுப்பை சொட்டு சொட்டா. மொத்தமா 10 மி.லி. கலந்து மூடி வெச்சுக்குங்க. பாடி, பானெட், சக்கரம் மூணும் ஒரே கலவையில வரணும், இரண்டாவது தடவை கலந்தா நிறம் ஒத்துவராது.

அடிக்கிற முறை: கலவை 1 பங்கு, லெவலிங் தின்னர் 2 பங்கு, 16 பிஎஸ்ஐ. முதல்ல ரெண்டு தூசிப் பூச்சு, 10 நிமிஷ இடைவெளி. அப்புறம் ரெண்டு நடுத்தரம். கடைசியா ஒரு ஈரப்பூச்சு: தின்னரை 3 பங்கு ஆக்கி, தூரத்தை 6 செ.மீ.-க்குக் குறைச்சு, வெளிச்சம் பூச்சுல பளிச்சுன்னு ஓடுறதைப் பார்த்துக்கிட்டே கையை நகர்த்துங்க. பளபளப்பு மேட் ஆகிற இடத்துல வேகம் அதிகம், கீழ் ஓரத்துல பெயின்ட் சேர்ந்தா வேகம் குறைவு. முடிச்ச உடனே ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடுங்க, தூசு விழாது.

கிளியர் தேவையே இல்லன்னு நினைக்கிறேன். இந்தப் பெயின்ட் தானாவே பளபளக்கும். கிளியர் மூணு பூச்சு ஏத்தினா பாடியில இருக்கிற சின்ன ரிவெட், கதவுப்பிடி எல்லாம் மொழுமொழுன்னு ஆயிடும். ஒரு வாரம் காயவிட்டு 3000 ஈரத் தேய்ப்பு, அப்புறம் டாமியா காம்பவுண்ட் ஃபைன், ஃபினிஷ். பருத்தித் துணி போதும், மோட்டார் பஃப் வேண்டாம், சூட்டுல பெயின்ட் சுருண்டுடும்.

வாசனை பத்தி ஒண்ணு: துணி முகமூடி லாக்கர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்பன் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்க. ஜன்னல் எக்ஸாஸ்ட் ஃபேனோட மோட்டார் ஆவி போற வழியிலேயே இருந்தா தீப்பொறி ஆபத்து.

---

பட்டி_மெருகு

கிளியர் விஷயத்தில் பாதி உடன்படுகிறேன். பாடிக்கு வேண்டாம். ஆனால் நீலம் மேல் கோடு டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டுவதாக இருந்தால் வேண்டும், இல்லாவிட்டால் டெக்காலின் ஓரம் வெளிச்சத்தில் தெரியும். அப்போது முதல் இரண்டு பூச்சும் வெறும் தூசியாக இருக்கட்டும். லாக்கர் கிளியரை நனைய அடித்தால் டெக்கால் சுருங்கி உருகிவிடும்.

வரிசை ஒன்றையும் மறக்கக் கூடாது: எனாமல் மேல் லாக்கர் போடாதீர்கள், சுருண்டு எழும்பும். லாக்கர் மேல் எனாமலோ ஆயிலோ தாராளமாக. தடுப்புப் பலகையில் அக்ரிலிக் அடி, மேலே ஆயில், மேலே அக்ரிலிக் என்பது ஆயில் முழுக்கக் காய்ந்தால்தான் நிற்கும்.

---

பித்தளைக்_காலம்

இப்போது பித்தளை.

எங்கெல்லாம் பித்தளை என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டர் உறை 1916 வரை பித்தளை, அதில் சந்தேகமில்லை. விளக்குகள் முழுக்கப் பித்தளையாக இருக்க வேண்டியதில்லை. 1913-ஐ ஒட்டி வந்த வண்டிகளில் விளக்கின் உடல் கறுப்பு, விளிம்பும் மேற்பகுதியும் மட்டும் பித்தளை என்றும் இருந்தன. இது உங்களுக்கு நல்லது, மாஸ்கிங் குறைவு, பார்வைக்கும் நிதானம். ரேடியேட்டரின் நடுப்பகுதி, அதாவது காற்று போகும் வலை, மேட் கறுப்பு.

எக்ஸ்-12 பிரஷ்ஷில் கோடு விழுவதற்குக் காரணம் உலோகத்துகள் பிரஷ் போகும் திசையில் படுப்பது. ஏர்பிரஷ்ஷில் அது கிடையாது. ஆல்க்ளாட் பாலிஷ்டு பிராஸ் என்ற பித்தளை நிற லாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள், தின்னர் சேர்க்க வேண்டாம், குலுக்கி அப்படியே ஊற்றலாம். 12 பிஎஸ்ஐ, 5 செ.மீ. தூரம். அடியில் பளபளப்புக் கறுப்பு இருக்க வேண்டும். அது கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தால்தான் மேலே பித்தளை பித்தளையாகும். அடிப்பூச்சில் ஒரு தூசு இருந்தாலும் பித்தளையில் இரண்டு மடங்காகத் தெரியும். எல்பி-1 கறுப்பை மேலே சொன்ன ஈரப்பூச்சு முறையில் அடித்து இரண்டு நாள் விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த கறுப்பு பித்தளையை விழுங்கி மங்கவைக்கும். பித்தளையை மிக மெல்லியதாக மூன்று நான்கு தடவை ஓட்டி, கறுப்பு மறைந்து உலோகம் எழுந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பொடி பூத்து சாம்பலாகும்.

இதன் மேல் லாக்கர் கிளியர் வேண்டவே வேண்டாம். துகள்கள் கலைந்து உலோகத்தன்மை போய்விடும். கை படாத இடம் என்பதால் பாதுகாப்பே தேவையில்லை. கடைசிப் பாகமாக ஒட்டுங்கள்.

விளக்குக் கண்ணாடியை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி கண்ணாடி உள்பக்கம் வெண்படலமாகப் படியும், பித்தளை விளிம்பையும் கெடுக்கும்.

இன்னொன்று, பெயின்டைவிட அழகு தருவது: முன்விளக்குகள் அசிட்டிலீன் வாயுவில் எரிந்தவை, ஃபுட்போர்டின் மேல் இருக்கும் கார்பைடு ஜெனரேட்டரில் இருந்து குழாயில் வாயு வரும். (மின் முன்விளக்கு 1915-ல்தான்.) பல கிட்களில் அந்தக் குழாய் விடுபட்டிருக்கும். 0.4 மி.மீ. நிஜப் பித்தளைக் கம்பியை எடுத்து, 2000 தாளில் தேய்த்து, அடிச்சட்டத்தின் ஓரமாக வளைத்து ஓட்டுங்கள். விளக்கோடு சேரும் கடைசி 6 மி.மீ.-க்குக் கறுப்பு வயர் உறை, அது ரப்பர் ஹோஸ். ஜெனரேட்டரின் அடியில் 0.4 மி.மீ. துளை போட்டுச் செருகினால் பசை வெளியே தெரியாது.

---

ஈரக்கோட்டு

பித்தளைக்கு மோலோடோ குரோம் பேனா மேல எக்ஸ்-24 தெளிந்த மஞ்சள், அதுல ஒரு துளி எக்ஸ்-26 போடுற முறையும் இருக்கு. விளக்கு விளிம்பு மாதிரி பொடி இடத்துக்குக் கைக்கு அடக்கம். ஆனா அந்த குரோம் காய ஒரு வாரம் பிடிக்கும், சீக்கிரம் மஞ்சள் ஏத்தினா கண்ணாடித்தன்மை போயிடும். ரேடியேட்டர் மாதிரி பெரிய பரப்புக்கு ஆல்க்ளாட்தான்.

அடிச்சட்டத்தை ஒட்டுறப்போ ஒரு கண்ணாடித் துண்டு மேல வெச்சு ஒட்டுங்க. மாடல் டி சட்டம் ரொம்ப மெலிசு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு குறுக்கு வில்லுல நிக்கிறது. சட்டம் அரை மி.மீ. முறுக்கினாலே ஒரு சக்கரம் தரையைத் தொடாது. வீல்பேஸ் நிஜத்துல 100 அங்குலம், 2540 மி.மீ., அதாவது மாடல்ல 105.8 மி.மீ. ரெண்டு பக்கமும் வெர்னியர்ல அளந்து சமமா இருக்கறப்போ பசை காயட்டும்.

---

அடையாறு_ஏர்பிரஷ்

டயர் மென்மையான வினைல். சாம்பல் பெயின்ட் அதில் நிற்குமா?

---

பட்டி_மெருகு

நேராக அடித்தால் ஒட்டிக்கொண்டே பிசுபிசுக்கும், வளைத்தால் உதிரும். டயரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, 800 தாளில் மேற்பரப்பை மங்கவைத்து, மாடல் அக்ரிலிக் பெயின்டில் (வால்யெஹோ மாதிரி தண்ணீரில் கரைவது) மெல்லிய நாலைந்து பூச்சு. எனாமல் வேண்டாம், வினைலோடு சேர்ந்தால் காயவே காயாது.

வினைலை மென்மையாக வைக்கச் சேர்த்திருக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய் மெல்லக் கசிந்து ஸ்டைரீன் ரிம்மை இளக்கும். சில வருடம் கழித்து ஆரம் வளைந்து, ரிம்மில் டயரின் தடம் பதிந்துவிடும். ரிம்மின் டயர் உட்காரும் பள்ளத்தில் வெள்ளைப் பசை இரண்டு பூச்சு, அல்லது அலுமினியம் ஃபாயில் ஒரு சுற்று. அது காய்ந்த பிறகு டயரை மாட்டுங்கள். சக்கரத்தில் 12 ஆரம். டயர் மாட்டும்போது ஆரத்தைப் பிடித்து அழுத்தாமல் ஹப்பை ஒரு மூடியின் மேல் தாங்கவைத்து ரிம்மில் மட்டும் அழுத்தம் கொடுங்கள்.